நெவிலுக்கு ஒரு துணை

செப்டம்பர் 4, வியாழன்

நேற்று என் புருஷன் ரோரி வடக்கே சுரங்க வேலைக்குக் கிளம்பினான். மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் இங்கே. நாலு வருஷமாக இதே கதைதான். ஆனாலும் அவன் போன மறுநாள் இந்த வீடு எனக்குப் பொருந்தாத சட்டை மாதிரி ஆகிவிடுகிறது.

காளான் பண்ணையில் இன்று ஆள் குறைவு. குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போனது. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் ஃபோன்.

"நெவில் சாப்பிட்டானா?"

"நான் நல்லா இருக்கேன் ரோரி. கேட்டதுக்கு ரொம்ப சந்தோஷம்."

சிரித்தான். "உனக்கு வாய் இருக்கு, பசிச்சா கத்துவ. அவன் பாவம் என்ன பண்ணுவான்?"

பாவமாம். கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு தொட்டி, அதற்கு ஹீட்டர், வெயில் காய ஒரு பலகை, மேலே விளக்கு. எனக்கு ஒரு நல்ல சோபா போட இடமில்லை.

நெவில் ரோரியின் ஆமை. அவனுக்கு எட்டு வயதில் அம்மா வாங்கிக் கொடுத்தது. அப்பா வீட்டைவிட்டுப் போன வருஷம். ஆண் என்று நினைத்துப் பேர் வைத்தார்கள். பல வருஷம் கழித்து ஒரு நாள் முட்டை போட்டு எல்லார் முகத்திலும் கரி பூசியது. பேரை மாற்ற ரோரிக்கு மனசு வரவில்லை. இப்போது அம்மாவும் இல்லை. அந்தப் பழைய வீட்டில் மிச்சம் ரோரி, அவன் அக்கா மெரிடித், இந்த நெவில்.

தூங்கப் போகுமுன் ஃபோனைத் தொட்டி பக்கம் பிடிக்கச் சொல்வான். "குட்நைட் நெவில்." அப்புறம்தான் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை ரோரியின் பிறந்தநாள்.

செப்டம்பர் 5

நெவிலுக்குத் துணையாக ஒரு குட்டி ஆமை வாங்கி, படம் எடுத்து அனுப்பினால்? மெரிடித்துக்கு ஃபோன் போட்டேன். அவளும் வீட்டில் இரண்டு வளர்க்கிறாள்.

"ஏண்டி, இத்தனை வருஷம் தனியா நிம்மதியா இருக்கிற கிழவிக்கு இப்ப எதுக்குத் துணை?"

"ரோரி சந்தோஷப்படுவான்ல."

"சரி, வாங்கறதுன்னா பார்த்து வாங்கு. கையில எடுத்தா உதைக்கணும். காலை இழுத்தா வெடுக்குன்னு உள்ள இழுத்துக்கணும். கண்ணு பளிச்சுன்னு இருக்கணும், மூக்குல ஈரம் கூடாது. தண்ணியில விட்டுப் பாரு, ஒரு பக்கமா சாயுதான்னு. அப்புறம் முக்கியமா, மூணு மாசத்துக்கு நெவில் பக்கமே கொண்டு போகாத. தொட்டி வேற, வலை வேற, தண்ணி வேற."

"மூணு மாசமா! பிறந்தநாள் ஞாயித்துக்கிழமை மெரிடித்."

"ஆமைக்குப் பிறந்தநாள் தெரியாது கண்ணு."

செப்டம்பர் 6, சனி

வாங்கிவிட்டேன்!

மானம் என்கிற ஊருக்குப் பக்கத்தில் ஒருவர், இணையத்தில் விளம்பரம் பார்த்துப் போனேன். கொட்டகைக்குள் ஒரு பிளாஸ்டிக் தொட்டி, தண்ணீர் கொஞ்சம் கலங்கல். இரண்டு குட்டிகள்தான் மிச்சம். ஒன்று கையை விட்டதும் பாய்ந்து என் விரலைப் பிடித்தது. வலி உயிர் போய்விட்டது. தூக்கினால் நாலு காலாலும் பிறாண்டுகிறது. இன்னொன்று உள்ளங்கையில் வைத்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டது. கண்ணை மூடி, தலையை என் கட்டை விரலில் சாய்த்துக்கொண்டது.

"அதுக்கு உங்கள புடிச்சுப் போச்சு. இது சாது. அது ரவுடி" என்றார் அந்த ஆள்.

நெவில் இத்தனை வருஷத்தில் என் கையில் ஒரு நிமிஷம் சும்மா இருந்ததில்லை. ரோரி தொட்டால் கழுத்தை நீட்டும். நான் தொட்டால் ஓட்டுக்குள் போய்விடும். இது என்னிடம் சாய்கிறது!

மூக்கோரம் ஈரமாக இருந்த மாதிரி இருந்தது. தண்ணீரிலிருந்து எடுத்ததால் இருக்கும். அவர் என்னிடம் ஆமை வளர்க்க அரசு அனுமதி இருக்கிறதா என்றுகூடக் கேட்கவில்லை.

பிப் என்று பேர் வைத்திருக்கிறேன். என் பிப்.

செப்டம்பர் 7, ஞாயிறு

படம் அருமையாக வந்தது. பலகை மேல் நெவில், அதன் முதுகோரம் பிப். அம்மாவும் பிள்ளையும் மாதிரி.

ரோரிக்கு அனுப்பியதும் கூப்பிட்டான். குரலே வேறு மாதிரி இருந்தது. "கெர்ரின், நீயா இது? நெவில உனக்குப் பிடிக்காதுன்னு நினைச்சேன்." பிறகு, "ஏய், ரெண்டையும் ஒண்ணா விடலையே?"

"படத்துக்குத்தான். ஒரு நிமிஷம்."

காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒன்றாகத்தான் இருந்தன. பார்க்க அழகாக இருந்தது, எடுக்க மனசு வரவில்லை. ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது?

இப்போது பிப்பைத் துணி துவைக்கிற அறையில் தனித் தொட்டியில் விட்டிருக்கிறேன். கை வைத்தால் தண்ணீர் சில்லென்று இருந்தது. நெவிலின் ஹீட்டரைக் கழற்றி அதில் போட்டேன். கடையில் நாளைக்கு இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். நெவில் பெரியது, தாங்கும்.

செப்டம்பர் 9

ஹீட்டர் வாங்க மறந்தேன். வேலை.

செப்டம்பர் 11, வியாழன்

ஹீட்டர் வாங்கி நெவிலுக்குப் போட்டாயிற்று. நாலு நாள் இரவு குளிர் கடுமையாகத்தான் இருந்தது.

பிப் இன்னும் எதுவும் சாப்பிடவில்லை. புது இடம், பயம் என்று நினைக்கிறேன். கையில் எடுத்தால் மட்டும் அதே மாதிரி சாய்கிறது.

செப்டம்பர் 13, சனி

நெவில் ஆற்று இறாலைத் தொடவில்லை. நெவில்! இறாலைக் கண்டால் கண்ணாடியில் முட்டுகிற நெவில்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மூக்கில் குமிழ்.

காலையில் விளக்கைப் போட்டுப் பார்த்தேன், நெவிலின் மூக்கு நுனியில் சின்னக் குமிழ் ஊதி உடைகிறது. வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. நீந்தும்போது இடது பக்கம் சாய்கிறது, ஓட்டை விழுந்த படகு மாதிரி. சாய்ந்தால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மெரிடித் சொன்னாளே. எல்லாம் சொன்னாளே.

ரோரி கூப்பிட்டான்.

"என்ன பண்றான் என் ஆளு?"

"நல்லா இருக்கு."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தானாகச் சொல்லிவிட்டது. "வீடியோவுல காட்டேன்" என்றான். சிக்னல் சரியில்லை என்றேன். மண் தோண்டுகிற பாலைவனத்தில் அவனுக்கு சிக்னல் இருக்கிறதாம், ஊர் நடுவில் இருக்கிற எனக்கு இல்லையாம். நம்பிவிட்டான். அதுதான் தாங்கவில்லை.

செப்டம்பர் 15

வேலைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, இரண்டையும் தனித்தனிக் கூடையில் வைத்து மவுண்ட் பார்க்கர் ஊருக்கு ஓட்டினேன். டாக்டர் ஒகிள்வி, ஊர்வன பார்க்கிறவர். மெதுவாகப் பேசுகிறார். அதுவே பயமாக இருந்தது.

எக்ஸ்ரே எடுத்தார். நுரையீரலில் சளி. பிப்புக்கு முற்றிய நிலை. ரொம்ப நாளாகவே இருந்திருக்கும் என்றார்.

"இது வாங்கும்போது எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப அமைதியா இருந்துச்சு டாக்டர். கையில சாஞ்சு தூங்கிச்சு. என்னைப் பிடிச்சிருக்குன்னு..."

அவர் பிப்பை மேஜையில் வைத்தார். அது அசையாமல் இருந்தது. "நல்லா இருக்கிற குட்டி உங்க கையிலேருந்து தப்பிச்சு ஓடத்தான் பார்க்கும்மா. இதுக்கு ஓடத் தெம்பு இல்ல."

தெம்பு இல்லாததை நான் பாசம் என்று நினைத்திருக்கிறேன்.

"ரெண்டும் ஒரே தண்ணியில இருந்துச்சா?"

"கொஞ்ச நேரம்." அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "ஒரு பகல் முழுக்க. அப்புறம் பெருசோட ஹீட்டரையும் நாலு நாள் எடுத்துட்டேன்."

டாக்டரிடம் சொல்ல முடிந்தது. முன்பின் தெரியாத ஒருத்தரிடம் உண்மை எவ்வளவு சுலபமாக வருகிறது.

நெவிலைச் சூட்டில், தண்ணீருக்கு வெளியே வைக்க வேண்டும். தினம் சிறிது நேரம் மட்டும் ஆழமில்லாத தண்ணீர். மூன்று நாளைக்கு ஒருமுறை முன்னங்காலில் ஊசி, நானே போட வேண்டும். எப்படி என்று காட்டிக் கொடுத்தார். நான் போட்ட முதல் ஊசி வெளியே சிந்திவிட்டது. "அவளுக்கு வயசு இருக்கு, உறுதியும் இருக்கு, பார்க்கலாம்" என்றார்.

அவள் என்று சொன்னார். இந்த வீட்டில் யாரும் அதை அவள் என்று சொன்னதே இல்லை.

செப்டம்பர் 17, புதன்

பிப் செத்துப்போச்சு.

வேலையிலிருந்து வந்து பார்த்தேன். துண்டின் மடிப்புக்குள் தலையை நீட்டியபடி. பின்பக்கம் வேலியோரம் புதைத்தேன். ஒரு பிஸ்கட் அளவுதான் இருந்தது. அந்த ஆளிடம் அது சாகக் கிடந்தது, நான் வாங்கியதால் சாகவில்லை — இதைச் சொல்லி மனசைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் முதல் நாளே டாக்டரிடம் போயிருந்தால்? மூக்கில் ஈரம் பார்த்தேனே. பார்த்து, பார்க்காத மாதிரி இருந்தேனே.

செப்டம்பர் 18

இரண்டாவது ஊசி. அவள் காலை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. இழுத்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

ரோரி தினமும் கேட்கிறான், "ரெண்டு பேரும் எப்படி?" ரெண்டு பேர். சுரங்கத்தில் கூட வேலை செய்கிறவர்களிடம் எல்லாம் அந்தப் படத்தைக் காட்டினானாம். "என் பொண்டாட்டிக்கு என்னைவிட நெவில் மேலதான் ஆசைன்னு கிண்டல் பண்றானுங்க" என்றான்.

பிறகு, "ஃபோனைப் பிடி."

பிடித்தேன். துணி விரித்த பெட்டிக்குள் கண்ணைத் திறக்காமல் கிடக்கிறாள், நான் ஃபோனை அவள் பக்கத்தில் பிடிக்கிறேன். "குட்நைட் நெவில். சின்னவனப் பார்த்துக்கோ."

குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

செப்டம்பர் 20, சனி

ஒன்று எழுதியே ஆக வேண்டும். இதையும் மறைத்தால் இந்த நோட்டு எதற்கு.

நெவில் இல்லாத வீடு எப்படி இருக்கும் என்று நான் நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. சுவரோரம் சோபா. ஃபோனில் முதல் கேள்வி எனக்கு. கெடுதல் நினைத்ததில்லை — சும்மா நினைத்தேன். ஹீட்டரைக் கழற்றும்போது அந்தச் சும்மா எங்கே இருந்தது? பெரியது, தாங்கும் என்று அவ்வளவு சட்டென்று ஏன் தோன்றியது?

தெரியவில்லை. உண்மையாகவே தெரியவில்லை. அதுதான் பயம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மெரிடித் சொல்லாமல் வந்து நின்றாள், லாமிங்டன் கேக்கோடு. குட்டியைப் பார்க்க வந்தாளாம். கூடத்தில் காலித் தொட்டி, பக்கத்தில் விளக்குக்கு அடியில் பெட்டி. எட்டிப் பார்த்தவள் கேக்கைத் தரையிலேயே வைத்துவிட்டாள்.

சொன்னேன். ஒன்று விடாமல்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம். நெவிலை எடுத்து, காதோரம் வைத்து மூச்சைக் கேட்டுவிட்டு, "ஊசி ஒழுங்கா போடுறியா?" என்றாள்.

"போடுறேன்."

"ரோரிக்குத் தெரியுமா?"

"புதன்கிழமை வர்றான்ல. வந்ததும் நேர்ல..."

"நேர்லயா? கதவத் தொறந்து உள்ள வர்றான், நெவில் பெட்டியில கெடக்கு. அதுதான் நீ சொல்ற லட்சணமா?"

"அவ கொஞ்சம் தேறட்டும்னு பார்த்தேன் மெரிடித். தேறிட்டா, உடம்பு சரியில்லாம இருந்துச்சு, இப்ப சரியாயிடுச்சுன்னு..."

"அது தேறுறதுக்காகக் காத்திருக்கல நீ. தப்பிக்கிறதுக்காகக் காத்திருக்க." பையை எடுத்துக்கொண்டாள். வாசலில் நின்று, "நான் அவன்கிட்டச் சொல்ல மாட்டேன். அது உனக்குப் பண்ற உதவின்னு நினைச்சுக்காத."

கேக்கை மறந்து போய்விட்டாள். தின்ன முடியவில்லை.

செப்டம்பர் 22

சொல்லவில்லை. ஃபோனை எடுத்தேன், அவன் பாடிக்கொண்டே எடுத்தான், சொல்லவில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

அவன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டேன். சுற்றிலும் தட்டுச் சத்தம், ஆட்கள் சிரிக்கிற சத்தம். "ரோரி, வெளிய வா. உட்காரு" என்றேன். யார் செத்தது என்று கேட்டான். பிப் என்றேன். பிறகு நெவில் பற்றி. பகல் முழுக்க ஒன்றாக விட்டது, ஹீட்டர், டாக்டர், ஊசி, சிக்னல் இல்லை என்றது.

காற்றுச் சத்தம் மட்டும்.

"நான் தினம் குட்நைட் சொன்னேன்" என்றான்.

"ஆமா."

"நீ ஃபோனைப் பிடிச்ச."

"ஆமா ரோரி."

"அது உயிரோட இருக்கா இல்லையான்னு தெரியாம நான் பாட்டுக்கு இங்க கதை பேசிட்டு இருந்திருக்கேன். நான் கேட்டேன்ல கெர்ரின்? தினமும் கேட்டேன்ல?"

வைத்துவிட்டான்.

செப்டம்பர் 24, புதன்

பையைத் தோளிலிருந்து இறக்காமலே பெட்டி பக்கம் மண்டியிட்டான். "டேய்... டேய் நெவில்." அவள் கண்ணைத் திறந்தாள். கழுத்தைக் கொஞ்சம் நீட்டினாள். இத்தனை நாளில் என்னிடம் நீட்டவில்லை.

இன்று ஊசி நாள். நான் மருந்தை எடுத்ததும் கையை நீட்டி வாங்கிக்கொண்டான். அவனுக்குப் போடத் தெரியவில்லை, இடம் தேடினான். நான் காட்டப் போனேன். "நீ தள்ளு" என்றான். கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் ஏதாவது கத்தியிருப்பேன்.

பிப் எங்கே என்று கேட்டான். வேலியோரம் காட்டினேன். கொஞ்ச நேரம் அங்கே நின்றான். அவன் நேரில் பார்க்கவே பார்க்காத ஆமைக்கு.

செப்டம்பர் 27

ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் இடித்துவிடாமல் நடக்கிறோம். டீ போட்டால் எனக்கும் போடுகிறான். அது இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

செப்டம்பர் 29, திங்கள்

டாக்டரிடம் போனோம். நுரையீரல் தெளிகிறது என்றார். பிழைத்துவிடுவாள். காரில் திரும்பி வரும்போது ரோரி அழுதான், ஓட்டிக்கொண்டே. நான் அவன் முழங்காலில் கை வைத்தேன். தட்டிவிடவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை.

வீட்டு வாசலில் இன்ஜினை நிறுத்திவிட்டுச் சொன்னான்.

"அதுக்கு நோய் வந்தது கூட நான் தாங்கிக்குவேன். சின்ன வயசுல ஒரு தடவ நானே அத வெயில்ல மறந்து வெச்சிருக்கேன். ஆனா நீ சொல்லியிருந்தா நான் பயந்திருப்பேன், ராத்திரி தூங்கியிருக்க மாட்டேன், லீவு கேட்டுச் சண்ட போட்டிருப்பேன். அதெல்லாம் நான் பட வேண்டியது. அத ஏன் என்கிட்டேருந்து எடுத்துக்கிட்ட?"

அவன் என் மேல் கோபப்படுவான் என்று பயந்தேன். அவ்வளவுதான். அவ்வளவு அற்பம்.

அக்டோபர் 1, புதன்

ரோரி கிளம்பினான். போகிற வழியில் நெவிலை டேலம் பெண்ட் ஊரில் மெரிடித் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறான். தொட்டி, பலகை, விளக்கு எல்லாம் வண்டியில் ஏற்றினோம். நான்தான் ஒரு பக்கம் பிடித்துத் தூக்கினேன்.

"கொஞ்ச நாளைக்கு" என்றான். எவ்வளவு கொஞ்சம் என்று கேட்கவில்லை.

சுவரோரம் சோபா போடுகிற அளவுக்கு இடம் காலியாக இருக்கிறது. பார்க்கவே பிடிக்கவில்லை.

அக்டோபர் 5, ஞாயிறு

மெரிடித் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றேன். "என்ன?" என்றாள்.

"தொட்டி கழுவ வந்தேன்."

ஏற இறங்கப் பார்த்தாள். "வாளி கொல்லையில இருக்கு. என் ரெண்டையும் தொட்டுட்டுக் கைய கழுவாம அதத் தொட்டேன்னு வெச்சுக்கோ, கைய வெட்டிடுவேன்."

அக்டோபர் 19

ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன். தண்ணீர் மாற்றுகிறேன், சூடு பார்க்கிறேன், மூக்கைப் பார்க்கிறேன். நெவில் என்னைக் கண்டால் இன்னமும் ஓட்டுக்குள் போகிறாள். போகட்டும். நான் கழுவ வருகிறேன், கொஞ்ச வரவில்லை.

மெரிடித் இன்று எனக்கும் சேர்த்து முட்டை பொரித்தாள்.

நவம்பர் 2

ரோரி இந்த முறை வீட்டுக்கு வந்த வாரத்தில் ஒரு நாள் தூக்கத்தில் என் பக்கம் திரும்பிப் படுத்தான். விழித்ததும் நகர்ந்துகொண்டான். முன்பு போல ஃபோனில் பேசுகிறோம், வானிலை, வேலை, கறிக்கடைக்காரனின் புது மீசை. நெவில் பற்றி அவன் என்னிடம் கேட்பதில்லை. அக்காவிடம் கேட்டுக்கொள்கிறான். நான் நல்லா இருக்கு என்று சொன்னால் அதற்கு இனி என்ன மதிப்பு?

நவம்பர் 23, ஞாயிறு

மெரிடித் அவள் மகளுக்குப் பிரசவம் என்று டார்வின் நகரத்துக்குப் போகிறாள், பத்து நாளாவது ஆகுமாம். சாவியை என் கையில் வைத்தாள்.

"ரோரிகிட்டச் சொன்னியா?" என்றேன்.

"சொன்னேன்."

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல. வேண்டாம்னு சொல்லல."

நவம்பர் 27, வியாழன்

வேலை முடிந்து நேராக டேலம் பெண்டுக்குப் போனேன். நெவிலின் இடது கண் வீங்கியிருந்தது. பாதிதான் திறக்கிறாள். இறாலைத் தொடவில்லை.

ஒரு நொடி — எழுதுகிறேன், ஒரு நொடி — நாளை வரைக்கும் பார்க்கலாமே என்று தோன்றியது. சரியாகிவிட்டால் யாருக்கும் தெரிய வேண்டாமே.

தொட்டி முன்னால் நின்றபடியே ரோரியைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை, ஷிஃப்டில் இருப்பான். குரல் பதிவு வைத்தேன்: "ரோரி, நெவிலுக்கு இடது கண்ணு வீங்கியிருக்கு. சாப்பிடல. மூக்குல ஒண்ணும் இல்ல, நேராத்தான் நீந்துறா. இன்னிக்குத்தான் பார்த்தேன், நேத்து நல்லாத்தான் இருந்தா. டாக்டருக்கு இப்ப ஃபோன் போடப் போறேன்."

டாக்டர் ஒகிள்வி நாளைக் காலையில் கூட்டி வரச் சொன்னார்.

ரோரி இருட்டுவதற்குள் கூப்பிட்டுவிட்டான். மூச்சு வாங்கியது, ஓடி வந்திருப்பான் போல. வீடியோவில் காட்டச் சொன்னான். காட்டினேன், கண்ணை, மூக்கை, வயிற்றுப் பக்க ஓட்டை, எல்லாம். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"நாளைக்கு டாக்டர் மறுபடி ஊசி குடுத்தா?" என்றேன். "நீ வர்ற வரைக்கும் மெரிடித்தோட பக்கத்து வீட்டுக்காரர..."

"எதுக்கு? உனக்குத்தான் போடத் தெரியும்ல?"

"தெரியும்."

"அப்ப நீயே போடு." எங்கேயோ ஒரு லாரி கடந்து போனது. "நம்ம வீட்டுக்குக் கொண்டு போய் வெச்சுக்கோ கெர்ரின். தினம் அவ்வளவு தூரம் ஓட்டிட்டு இருக்காத."

நெவிலைக் கூடையில் வைத்துக் காரில் ஏற்றிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். தொட்டியைத் தனியாகத் தூக்க முடியவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன், சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன் என்றார்.